கால் எக்குவ

என் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நுனியில்கூட இல்லை, அதற்கும் ஒரு விரற்கடை முன்னால் இருக்கிறது. அந்தக் கோபத்தால் ஒரு நல்ல இன்ஜின் வீணானது. கூடப் பிறந்த தம்பியின் தோள் எலும்பு முறிந்தது. எட்டு மாதம் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் ‘கால்’ என்கிற ஒரு சொல்லால் வந்த வினை என்றுதான் நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இப்போதுதான் வெளியே எடுக்கிறேன்.

சித்தூரில், வேலூர் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கார் ஷெட் இருக்கிறது. அவர் இன்ஜினைப் பிரிப்பார், கட்டுவார். நான் மிக்சர் வைப்பேன். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவுக்கு எங்கள் தொழிலில் மிக்சர் என்று பேர். "மிக்சர் அக்கா கீறாங்களா?" என்று கேட்டுக்கொண்டு ராணிப்பேட்டையிலிருந்துகூட ஆள் வரும். அதில் ஒரு குறும்புக்காரர் ஒருநாள் கடையிலிருந்து நிஜ மிக்சர் ஒரு பொட்டலம் வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "இதுல பெட்ரோல் சரியா கீதா பாருங்கக்கா" என்றார். துன்னு பார்த்துவிட்டு, காரம் பத்தவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தக் காலத்துக் கார்களில் அதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் வேறு வகை. பழைய காரைத் தேடி வாங்கி, இன்ஜினைச் செதுக்கி, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி, ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டிப் பார்க்கிற பைத்தியங்கள். அந்தப் பைத்தியங்களில் முதல் நம்பர் என் தம்பி. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். வாரத்தில் ஆறு நாள் நோயாளிக்குக் குலுங்காமல் ஓட்டுவான். ஏழாவது நாள் தன் பழைய சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆறு நாளுக்கும் சேர்த்து மிதிப்பான்.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் நகரிக்காரர்கள். நைனா கூலிக்குப் பவர்லூம் ஓட்டினார். ஒரே கொட்டகையில் எட்டுத் தறி. எட்டும் ஒன்றாக ஓடும்போது ஒன்று மட்டும் துளி பிந்தினாலும் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். கல்யாணமாகிச் சித்தூர் வந்த முதல் மாசம், ஷெட்டுக்குச் சோறு எடுத்துப் போனேன். ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் தூக்கை வைத்துவிட்டு, "நாலுல ஒண்ணு நெய்யல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பிளக்குகளைக் கழற்றினார். நாலில் ஒன்று செத்துக் கிடந்தது. அன்றையிலிருந்து சோற்றை அவர் வீட்டுக்கு வந்து துன்னுகிறார், நான் ஷெட்டில் நிற்கிறேன்.

தறிக் கொட்டகையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அந்தச் சத்தத்தில் காதை நம்பிப் பேச முடியாது. வாயைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நானும் தம்பியும் கொட்டகையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நின்றுகொண்டு, சத்தமே வராமல் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். நான் வாயசைத்துத் திட்டுவேன், அவன் வாயசைத்துத் திருப்பித் திட்டுவான். நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற நைனா, பிள்ளைகள் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான். அதிகம், குறைவு என்று நாங்கள் யாரும் சொல்லமாட்டோம், எக்குவ, தக்குவ. தம்பி கட்டியிருப்பது தெலுங்குப் பெண். ஆஸ்பத்திரியிலும் தெலுங்கு. எனக்கோ வேலூர்ப் பக்கத்து வாடிக்கை. ஒரே வயிற்றில் பிறந்தும் அவன் காது அந்தப் பக்கமும் என் வாய் இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துவிட்டதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அவன் காரில் இருக்கிற இரண்டு கார்புரேட்டருக்கும் அடியில் ஒவ்வொரு நட்டு உண்டு. கீழே இறக்கினால் பெட்ரோல் எக்குவ. மேலே ஏற்றினால் காற்று எக்குவ. அவ்வளவுதான் சங்கதி. பெட்ரோல் கூடிப்போனால் கரி பிடிக்கும், கருப்பாகப் புகை விடும், இன்ஜின் சோம்பேறியாகும், ஆனால் சட்டென்று சாகாது. காற்று கூடினால்தான் ஆபத்து. முதலில் கார்புரேட்டர் தும்மும். பிளக்கின் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அதற்கு மேலும் விரட்டினால் சூடு தாங்காமல் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சரியாக இருந்தால் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும். அந்தப் பிஸ்கட் நிறத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமாகக் குனிந்து நிற்கிறேன்.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற வழியில் ஒரு வெஞ்சர் இருக்கிறது. வீட்டுமனை போடுவதற்கு நிலத்தை வளைத்து, தார் ரோடெல்லாம் போட்டு, நுழைவாயிலில் வளைவும் கட்டியிருக்கிறார்கள். வீடுதான் ஒன்றுகூட வரவில்லை. சொந்தக்காரருக்கும் கார் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் அவன் கூட்டாளிகளும் அங்கேதான் நேரம் பார்த்து ஓட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் புதிதாக அகலமான சைலன்சர் குழாய் மாட்டிக்கொண்டு போயிருந்தான். குழாய் மாறினால் மிக்சரும் மாறும். ரெண்டு சுற்று ஓட்டியதும் கார்புரேட்டர் தும்முகிறது என்று பிளக்கைக் கழற்றி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஷெட்டில் என் பக்கத்தில் வேறொரு இன்ஜின் கத்திக்கொண்டிருந்தது. எதிரே ஒரு வாடிக்கைக்காரர் நின்று, நேற்றே தருவதாகச் சொன்ன காரை ஏன் தரவில்லை என்று கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் போனை வாயருகே வைத்து ஒரு வாய்ஸ் அனுப்பினேன்.

"டேய், ப்ளக்கு வெளுத்துக்கினு கீது. ரெண்டுலயும் மிக்சர் கால் எக்குவ வெச்சிட்டு ஓட்டு."

கால் என்றால் கால் சுற்று. நட்டைக் கால் சுற்று இறக்கி, பெட்ரோலைக் கூட்டு என்று அர்த்தம். எங்கள் ஷெட்டில் மிக்சர் எக்குவ என்றால் பெட்ரோல்தான், காற்று இல்லை.

ஆனால் தெலுங்கில் காற்றுக்குக் ‘காலி’ என்று பேர். கங்காதர நெல்லூர் என்று சொல்லும்போது முதல் எழுத்தைத் தொண்டையில் அழுத்துகிறோமே, அதே அழுத்தத்தோடு வருகிற கா. காலி எக்குவ என்பதைத் தெலுங்குக்காரர்கள் சேர்த்துச் சொன்னால் ‘காலெக்குவ’ என்றே வரும். நான் சொன்ன ‘கால் எக்குவ’வும் சத்தத்தில் அப்படியேதான் வந்திருக்கிறது. நான் பெட்ரோலைக் கூட்டச் சொன்னேன். அவன் காதில் காற்றைக் கூட்டு என்று விழுந்தது. நேர் எதிர்.

எவ்வளவு என்று தெரியாமல், இரண்டு நட்டையும் அரைச் சுற்று மேலே ஏற்றிவிட்டு ஓட்டினான். மூன்றாவது சுற்றில், அங்கே கட்டியிருக்கிற தண்ணீர் டேங்குக்குக் கொஞ்சம் முன்னால், முழு வேகத்தில் பிஸ்டன் போனது. ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து முன் டயரில் பட்டது. கார் வழுக்கி, ரோட்டோரம் கொட்டிவைத்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. தினமும் தான் ஓட்டுகிற ஆம்புலன்ஸில் அன்றைக்கு அவன் படுத்துக்கொண்டு போனான்.

நானும் அவரும் சித்தூரிலிருந்து அடித்துப்பிடித்துக்கொண்டு போனோம். வார்டில் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஐயோ, அப்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? வலிக்குதாடா என்று கேட்டிருக்க வேண்டும். வாசலில் நுழையும்போதே நான், "கால்னு தானேடா சொன்னேன்!" என்றேன்.

"காலின்னுதான் சொன்ன."

"கால்!"

அந்த வாய்ஸை அங்கேயே போட்டேன். அவன் பெண்டாட்டி காதருகே வைத்துக் கேட்டாள். "காலெக்குவ அனே வினிபிஸ்துந்தி வதினா" என்றாள் பாவம், பயந்துகொண்டே. வதினா என்றால் நாத்தனார். அவளுக்குக் காற்று என்றுதான் கேட்டிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "கால்னுதான்மே கேக்குது" என்றார். அடுத்த கட்டிலில் இருந்தவர் தானும் கேட்கிறேன் என்று கையை நீட்டினார். வார்டே இரண்டு கட்சியாகிவிட்டது. நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் சொன்ன அந்த மீதிப் பாதி இதுதான். வாய்ஸைக் கேட்டதும் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வெளுத்த பிளக்குக்குப் போய் அக்கா காற்றைக் கூட்டச் சொல்கிறாளே என்று. உடனே எனக்குப் போன் பண்ணினான். "அக்கா, எக்குவயா? நெஜமாவா?" என்று கேட்டான். ஒரே ஒரு நிமிஷம் நின்று பதில் சொல்லியிருந்தால் போதும். எதிரே இருந்த வாடிக்கைக்காரர் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன். "எத்தினி வாட்டி சொல்றது? சொன்னத செய்டா!" என்று சொல்லி டக்கென்று கட் பண்ணினேன்.

வார்டில் அவ்வளவு பஞ்சாயத்து நடந்தபோதும் அவன் அந்தப் போனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்திருந்தால், நானும் திருப்பிக் கத்திவிட்டு, அழுதுவிட்டு, விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். அதுதான் என்னைப் போட்டு அறுத்தது.

எட்டு மாதம். எலும்பு கூடியது. வேறொருவர் இன்ஜினைக் கட்டிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நானாகப் போகவில்லை. போனால் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. எனக்கு யாரிடமும் கேட்டுப் பழக்கம் இல்லை. என் மேலேயே இருந்த கோபத்தையெல்லாம் வீட்டுக்காரர் மேல் காட்டினேன். அவர் ஒருநாள் சாவகாசமாக, "உனுக்குத்தான் இப்ப மிக்சர் சரியில்ல" என்றார். அன்றைக்குச் சோறு போடவில்லை.

ஒரு வியாழக்கிழமை தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள்.

"வதினா, ஆதிவாரம் சூளூர்பேட்டை நுஞ்சி ஒகாயன ஒஸ்துன்னாரு. கார் அம்மேஸ்தாரண்ட."

ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டையிலிருந்து ஒருவர் வருகிறார், காரை விற்கப் போகிறான் என்கிறாள். அந்தக் காரை அவன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருக்கிறான்.

"ஏன்டி? ஓடலியா?" என்று கேட்டேன்.

அவள் தனக்கு வருகிற தமிழில் சொன்னாள். "ஓடுது வதினா. அவுருதான் ஓட்டமாட்டேன்றாரு. அந்த டேங்க் கிட்ட போனா கால எடுத்துட்றாரு. கார் பழசாயிடுச்சின்னு சொல்றாரு. கார் போனா போவட்டும். மனுசன் சிரிக்கறதே இல்ல. ஞாயித்துக்கெழம ஆனா பானெட்ட தொறப்பாரு, பாப்பாரு, மூடிடுவாரு."

கார் ஓட்டுகிற ஆசையை என் தம்பியிடமிருந்து பிடுங்கியது யார் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரையும் ஒரு பழைய துணியையும் பையில் போட்டுக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டுகிறவரை, அவனிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் அது திட்டுவதிலேயே போய் முடிந்தது.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான், உள்ளே போனான். பெண்டாட்டியிடம், "துன்னுட்டு வந்தாங்களான்னு கேளு" என்றான். நான் ரெண்டு முழம் தள்ளி நிற்கிறேன்.

"துன்னலன்னு சொல்லு" என்றேன் நான்.

"நேனேமன்னா போஸ்ட்மேனா?" என்று அவள் கையை விரித்தாள். ஆனாலும் அன்று படுக்கிறவரை அவள்தான் தபால்காரி வேலை பார்த்தாள். வருகிறவரிடம் காரைக் காட்டுவதற்கு முன்னால் ஒருவாட்டி நான் மிக்சர் பார்க்கிறேன் என்று அவள் மூலமாகவே சொல்லியனுப்பினேன். காலையில் பார்த்தால் காபி டம்ளர் பக்கத்தில் கார் சாவி இருந்தது.

விடிந்ததும் மூன்று பேருமாக வெஞ்சருக்குப் போனோம். வெயில் ஏறவில்லை. சூளூர்பேட்டைக்காரர் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. காரை ஸ்டார்ட் பண்ணினான். ஒரே கருப்புப் புகை. பெட்ரோல் நாற்றத்தில் கண் எரிந்தது. ரெண்டு பிளக்கைக் கழற்றினேன், அடுப்புக்கரி மாதிரி கையில் ஒட்டியது. கீழே கைவிட்டு நட்டைத் தடவிப் பார்த்தேன். எங்கேயோ கீழே இறங்கிக் கிடந்தது.

எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்துவிட்டது. "எந்த மடையன்டா இத இப்படி வெச்சது? கண்ணு தெரியாதவனா?" என்று வாயைத் திறந்தேன்.

தம்பி பெண்டாட்டி என் முழங்கையைப் பிடித்தாள். "வேற யாரும் இல்ல வதினா. அவுருதான்" என்று மெதுவாகச் சொன்னாள். "வச்சிக் குடுத்தவரு சரியாத்தான் வச்சாரு. இவருதான் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கினாரு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். காற்று கூடிவிடுமோ, மறுபடி வெடித்துவிடுமோ என்று ஒவ்வொரு வாரமும் வந்து, பானெட்டைத் திறந்து, பெட்ரோலை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூட்டியிருக்கிறான். பயத்தையெல்லாம் அந்த நட்டில் இறக்கி வைத்திருந்தான். கார் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது. கார் பழசாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அதை விற்கப் பார்த்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று துடைத்துக்கொண்டேன்.

இப்போது செய்ய வேண்டிய வேலை என்ன என்று நினைத்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நட்டை மேலே ஏற்ற வேண்டும். காற்றைக் கூட்ட வேண்டும். அன்றைக்கு நான் சொல்லாத, அவன் காதில் விழுந்த, அதே வார்த்தையை இப்போது நான் வாயால் சொல்ல வேண்டும்.

நானே ஏற்றிவிட்டிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் நான் ஏற்றினால், நான் பஸ் ஏறியதும் அவன் மறுபடி இறக்கிவிடுவான். ஸ்பேனரை அவன் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். அவன் அந்தப் பக்கம் குனிந்தான், நான் இந்தப் பக்கம். அவன் பெண்டாட்டியைக் காருக்குள் உட்காரவைத்து ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொன்னேன். சைலன்சர்க் குழாய் போட்ட சத்தத்தில் தபால்காரிக்கு வேலை இல்லாமல் போனது. எங்கள் இரண்டு பேர் குரலும் எங்கள் காதுக்கே கேட்கவில்லை.

அவன் ஸ்பேனரை நட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் அவன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். செய்தான். எட்டு மாதத்துக்கு அப்புறம் தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தான்.

"காலி எக்குவ" என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாதான். காலி. காத்து" என்றேன். ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. "தப்பு என்துதான்டா. நீ கேட்ட. நான் போன கட் பண்ணேன்" என்றேன். "கால்னு சொன்னதா காலின்னு சொன்னதா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ கேட்டப்ப நான் பதில் சொல்லல. மன்னிச்சுக்கோடா."

இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. ரெண்டு முழத்தில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டிக்கு ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது. அவனுக்கு முழுசாகக் கேட்டது. அவன் முகம் கோணியதை நான் பார்த்தேன். சட்டைத் தோளில் முகத்தை ஒருவாட்டி துடைத்துக்கொண்டான். அப்புறம் வாயை மட்டும் அசைத்து, "எவ்ளோ?" என்று கேட்டான்.

"கால்" என்றேன்.

காலி, அதுவும் கால். அவன் உதடு ஓரமாக இழுத்தது. அவன் சிரித்தால் அப்படித்தான் ஆரம்பிக்கும். நட்டைக் கால் சுற்று ஏற்றினான்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி உண்டு. அதை விரலால் மேலே தள்ளிப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். தள்ளியதும் இன்ஜின் ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் எக்குவ. படுத்துவிட்டால் காற்று எக்குவ. லேசாக ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. தள்ளினேன், ஏறி நின்றது. இன்னொரு கால். மறுபடி தள்ளினேன். இன்னொரு கால். ஒவ்வொரு தடவையும் அவன் என் வாயைப் பார்த்தான், நான் சொன்னேன், அவன் அதையே வாயசைத்துத் திருப்பிச் சொன்னான், அப்புறம்தான் ஸ்பேனரைத் திருப்பினான். அடுத்த கார்புரேட்டருக்கும் அப்படியே. புகை வெளுத்தது, பிறகு இல்லாமலே போனது. நாலும் ஒன்றாக நெய்ய ஆரம்பித்தது.

ஆனால் நின்ற இடத்தில் வைக்கிற மிக்சர் பாதி வேலைதான். முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே இன்ஜினை நிறுத்தி, பிளக்கைப் பார்த்தால்தான் நிச்சயம். புது பிளக் மாட்டிக்கொண்டு, தம்பி பெண்டாட்டியை இறங்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "நான் வெச்ச மிக்சர், நான் வருவேன்" என்றேன்.

முதல் சுற்று. கார் சும்மா சொல்லக் கூடாது, கயிறு அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி கிளம்பியது. தண்ணீர் டேங்க் கண்ணில் பட்டதும் அவன் கால் தானாக மேலே வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவன் எப்போது சொல்கிறானோ அப்போது போகலாம் என்று இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, நேராக என்னிடம் பேசினான். தபால்காரி இல்லாமல்.

"அக்கா."

"ம்."

"கால் எக்குவ வெக்கிறேன். கெட்டியா புடிச்சிக்கோ."

இந்தக் கால் அவனுடைய கால். ஆக்சிலேட்டர்மேல் வைக்கிற கால். நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். டேங்க் வந்தது. அவன் தாடை இறுகியதைப் பார்த்தேன். கால் மேலே வரவில்லை. டேங்க் பின்னால் போனது, அந்த ஜல்லி கிடந்த இடமும் பின்னால் போனது, ரோடு வளைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணைத்தான். கார் சத்தமில்லாமல் உருண்டுபோய் நின்றது. காதில் வெறும் காற்றுதான் கேட்டது.

அவன் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தான். சுடுகிற பிளக்குகளைத் துணியில் சுற்றிக் கழற்றி வரிசையாக வைத்தான். என்னைப் பார்க்கக் கூப்பிடவில்லை. போனை எடுத்து அவற்றைப் போட்டோ எடுத்தான். என் பையில் போன் டிங்கென்றது. வெளியே எடுப்பதற்குள் மணியும் அடித்தது. பார்த்தால் அவன்தான். பானெட்டுக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, ப்ளக்கு போட்டோ அனுப்பிக்கீறேன். பாத்து சொல்லு. எக்குவயா, தக்குவயா?"

பார்த்தேன். நாலும் பிஸ்கட் நிறம்.

"சரியா கீதுடா" என்றேன்.

"நெஜமாவா?"

என் விரல் போன்மேல் எங்கேயும் பட்டுவிடக் கூடாது என்று ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நெஜமாதான்டா. இன்னும் எத்தினி வாட்டி வேணா கேளு, சொல்றேன்" என்றேன்.